முன் மேசையில் பசியாறியவர்

பொட்டலம் என்றாலே மாமிக்கு ஆகாது. கல்யாண வீட்டில் விடைபெறும்போது யாராவது ஆசையாக, "வீட்டுக்குக் கொஞ்சம் கட்டித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, முகம் கடுகடுவென்று ஆகிவிடும். "இங்கேதான் தின்றாகிவிட்டதே. என் வீட்டில் அடுப்பு இல்லையா?" என்பார். கோயிலில் பொங்கல் கொடுத்தால், வாங்கின இடத்திலேயே தூணில் சாய்ந்து நின்று, கடைசிப் பருக்கை வரை தின்று, கையைக் கழுவிக்கொண்டுதான் வெளியே வருவார். ஓர் உருண்டையைக்கூட இலையில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை.

"கட்டி வைத்தால் சோற்றுக்கு மூச்சு முட்டும்" என்று சொல்வார். மலாயில்தான் சொல்வார். மாமி பேசினதும் நான் அவரோடு பேசினதும் முழுக்க மலாய். உங்களுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். சண்டைக்கு நான் பயந்தவள் இல்லை, இந்த வயதில் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

நான் மலாக்காவில் புக்கிட் காதில் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் ஆகி, காஜா பேராங்கில் மாமி வீட்டுப் பின்கட்டில் வாடகைக்குக் குடி வந்தேன். வந்த அன்று மாமியைப் பார்த்துத் திகைத்துப் போனேன். கட்டியிருந்தது சாரோங், மேலே கெபாயாச் சட்டை, கொண்டையில் வரிசையாக வெள்ளி ஊசி. இதெல்லாம் சரி, மலாய்க்காரம்மா என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நெற்றியில் பட்டையாகத் திருநீறு! வாசலில் மாவிலைத் தோரணம்! என் வீட்டுக்காரர்தான் காதோடு சொன்னார், இவர்கள் மலாக்காச் செட்டிகள் என்று. நம் ஆட்கள் பால் மரம் வெட்டக் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலேயே வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண் கட்டி, இங்கேயே வேர் விட்டவர்கள். சாமி நம் சாமி. பேச்சு மட்டும் மாறிவிட்டது.

மாமி வீட்டில் வாரம் பூராவும் அடுப்பு எரியும். மூன்று மகன், மூன்று மருமகள், பேரன் பேத்தி, போதாததற்குத் திடீரென்று வந்து நிற்கிற சொந்தக்காரர்கள். சம்பல் இடிப்பதும் மீன் பொரிப்பதும் தேங்காய் திருகுவதுமாக மாமி நிற்க நேரமில்லாமல் இருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே போக மாட்டார். குளித்து, நல்ல கெபாயாவாக எடுத்துப் போட்டு, அதற்குத் தங்கக் கொக்கி மாட்டி, குடையைப் பிரித்துக்கொண்டு தெரு முனைச் சைவக் கடைக்குப் பசியாறக் கிளம்பிவிடுவார். தனியாகத்தான்.

"வாரம் முழுக்க நான் அடுப்புக்கு ஊழியம் செய்கிறேன். ஒரு நாள் யாராவது எனக்குச் சுட்டுப் போடட்டுமே!"

இதில் என்ன இருக்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது இவர்கள் உட்கார்ந்து தின்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது கதை வேறு. அந்தக் கடையில் முன்பக்கம் பளிங்குக்கல் மேசைகள், மின்விசிறி, தெருவிலிருந்து வருகிற காற்று, எல்லாம் ஆண்களுக்கு. பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு திரை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டின திரை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பலகை, ஆட்டுக்கல், அரிசி மூட்டை, அடுப்புப் புகை. அங்கே உட்கார்ந்து தின்பதற்குப் பட்டினி கிடக்கலாம். அதனால் எந்தப் பெண்ணும் கடைக்குப் போக மாட்டாள். வீட்டு ஆண் போய் வாங்கி வருவான். தோசையை இலையில் சுருட்டி, பழைய பேப்பரில் மடித்து, சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். கோப்பியைக் காலி கெட்டிப்பால் டின்னில் ஊற்றி, மேலே ஓட்டை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டுத் தருவார்கள். பொம்பளைகளின் ஞாயிற்றுக்கிழமை பசியாறல் அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வரும். வீடு வந்து சேருவதற்குள் தோசை வியர்த்து நனைந்த துணி மாதிரி ஆகியிருக்கும்.

மாமி முதன்முதலில் அந்தக் கடைக்குள் போன கதையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பரிமாறுகிற ஆள் ஊரிலிருந்து புதிதாக வந்தவன். சாரோங்கைப் பார்த்தான், திருநீற்றைப் பார்க்கவில்லை. வெளி ஆட்களுக்கென்று தனியாக வைத்திருந்த பீங்கான் தட்டில் தோசையைக் கொண்டுவந்து வைத்தான். மாமி அடுத்த மேசையில் நுனி வாழையிலை விரித்திருந்ததைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். தோசையை எடுத்துத் தன் கைக்குட்டையில் வைத்துவிட்டு, தட்டை மேசையில் கவிழ்த்தார். அதன்மேல் விரலால் தட்டி, "இலை" என்றார்.

அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் அது ஒன்று. இலை வந்தது. இலை வந்த பிறகு முதலாளியே வந்து, "திரைக்கு அந்தப் பக்கம் இடமிருக்கு" என்று மலாயில் சொன்னாராம். மாமி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாக்கான் சினி."

இங்கேதான் தின்பேன். அவ்வளவுதான். முதலாளி பொட்டலமாகக் கட்டித் தருகிறேன், பூங்குஸ், பூங்குஸ் என்று கெஞ்சினார். மாக்கான் சினி. கோப்பியை டின்னில் ஊற்றட்டுமா? மாக்கான் சினி. கிளிப்பிள்ளை மாதிரி அந்த இரண்டே சொல். மனிதர் சலித்துப் போய்க் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து வாசலை ஒட்டின முன் மேசை ஞாயிறு காலையில் மாமியுடையது. தோசையை அவசரமில்லாமல் தின்பார். சாம்பாரைக் கேட்டு வாங்குவார். சட்னி தண்ணியாக இருந்தால் வாளிக்காரனைக் கூப்பிட்டு விரலை ஆட்டிக் காட்டுவார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் பார்ப்பார்கள். மாமியும் அவர்களைப் பார்ப்பார்.

பக்கத்து மேசையில் ஒரு கூட்டம் உண்டு. அதற்குத் தலைவர் எங்கள் கிராணி. ரப்பர் அடுக்கி வைக்கிற கித்தாக் கிடங்கில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி அவர்தான், என் வீட்டுக்காரர் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. ஞாயிறு தவறாமல் வந்து பேப்பரை விரித்து உரக்கப் படிப்பார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற சமயம், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. வெள்ளைக்காரன் எப்போது போவான், நமக்குப் பிரஜா உரிமை எப்படி, யார் இந்த நாட்டுக்காரன், யார் வந்தேறி என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவார்கள். விடுதலை விடுதலை என்று அந்த வாய் ஓயாது. அதே வாய்தான் மாமியைப் பார்த்தால் சுளிக்கும்.

"தமிழே வராது. தோசை மட்டும் வேணுமாக்கும்" என்று ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று மாமி பரிமாறுகிறவனிடம் கேட்டார். அவன் அசடு வழிந்துகொண்டே மலாயில் சொன்னான்.

"அவர் இலையில் இருக்கிற தோசை தமிழ் பேசுகிறதா என்று கேட்டு வா" என்று திருப்பி அனுப்பினார் மாமி.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து கூடத்தில் நடித்துக் காட்டுவார். மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கூப்பிட்டால் மட்டும் ஒருத்தியும் கூடப் போக மாட்டாள். நானும்தான் போகவில்லை.

அப்போதுதான் எனக்குத் தலைச்சன் பிள்ளை உண்டானது. மசக்கை என்றால் அப்படியொரு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அது அடங்கி வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒரே ஓர் ஆசை பிடித்துக்கொண்டது, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு முறுகல் தோசை. தூக்கத்தில்கூட அந்தச் 'சொய்ங்' சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் பாசக்காரர். ஞாயிறு காலையில் டின்னையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓடுவார், ஓட்டமாகவே திரும்பி வருவார். பிரித்தால் அதே நனைந்த துணிதான். ஒரு வாரம் அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

"கடைக்கா? உனக்கென்ன கிறுக்கா? அங்க கிராணி உக்காந்திருப்பாரு. என் பொண்டாட்டி முன்னால உக்காந்து திங்கிறதப் பாத்தா நாளைக்கு நான் கிடங்குல தலை நிமிர முடியுமா?"

பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். மாமிக்கு எங்கள் தமிழ் புரிந்ததோ இல்லையோ, என் மூக்கு உறிஞ்சல் புரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு, வீட்டுக்காரர் கொல்லையில் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார். கையில் குடை.

"பிள்ளே, வா. பசியாறப் போகலாம்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் கால் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடைக்குள் நுழைந்துவிட்டேன்.

கடையில் மாமி என்னை வாசல் பக்கமாக, கிராணி கூட்டத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். பேப்பர் படிக்கிற சத்தம் நின்றது. ஒருத்தி போதாதென்று இரண்டாவதும் வந்துவிட்டாளே! கிராணி எழுந்து கல்லாவுக்குப் போய் முதலாளியிடம் குனிந்து என்னவோ சொன்னார். முதலாளி எங்களிடம் வந்தார். எங்கள் முன்னால் இலை விரித்துத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது.

"மாவு தீந்துபோச்சும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பின்னால் கல்லில் மாவு விழுகிற சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என் வாயில் எச்சில் ஊறியது, கண்ணில் நீரும் வந்தது. "போயிடலாம் மாமி" என்றேன்.

மாமி கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டார். "பசிக்கிறதா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் எழுந்திருக்கிறாய்? மாக்கான் சினி."

உட்கார்ந்திருந்தோம். எங்கள் இலையில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் எல்லார் இலையிலும் ஆவி பறக்கிறது. நான் வேறெங்கே பார்ப்பேன்? தோசையைத்தான் பார்த்தேன். ஒவ்வோர் இலையாக, ஒவ்வொரு கையாக. வாயும் வயிறுமாக இருக்கிறவளைப் பார்க்க வைத்துவிட்டுத் தின்றால் தின்கிறவனுக்கு ஆகாது, தின்றது செரிக்காது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டியிருக்கிறார்களே, அது அங்கே வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் ஓர் ஆள் திரும்பி உட்கார்ந்துகொண்டு தின்றார். முதுகில் என் கண் பட்டதோ என்னவோ, பாதியில் இலையை மடித்துவிட்டார். இன்னொருவர் பிய்த்த தோசையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் திண்டாடினார். பரிமாறுகிறவன் வாளியோடு நின்றது நின்றபடி இருந்தான். கிராணி மட்டும் விடாப்பிடியாக மென்றார். மென்று மென்று கடைசியில் புரையேறி, கண் பிதுங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

மாமி தன் குவளைத் தண்ணீரை அவர் பக்கம் தள்ளி வைத்தார். கிராணிக்கு வேறு வழியில்லை, குடித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் என் வீட்டுக்காரர். தலையில் ஈரம் காயவில்லை, கையில் கயிறு கட்டின பால் டின். என்னைப் பார்த்ததும் மனிதர் சிலையாகிவிட்டார்.

கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, சம்சாரத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாலு பேர் உக்கார்ற இடம்" என்றார்.

என் வீட்டுக்காரர் வா என்று ஒரு சொல் சொன்னால் நான் எழுந்துதான் ஆக வேண்டும், அந்தக் காலம் அப்படி. எழுந்தால் மாமி அந்த மேசையில் மறுபடி தனி ஆள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் முன்னால் இருந்த வெற்று இலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்த இலை.

"அவ இன்னும் சாப்பிடலையே, சார்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டின்னை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாதி தின்று மடித்த இலைகளையும் எழுந்து போகிற வாடிக்கையாளர்களையும் முதலாளி ஒரு தரம் பார்த்தார். அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. உள்ளே பார்த்துக் கத்தினார், "முன் மேசைக்கு முறுகல் போடுப்பா! சீக்கிரம்!"

அந்தத் தோசையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கிழவிக்கு இப்போது பசிக்கும்.

வரும் வழியில் கேட்டேன், "மாமி, தெரிஞ்சேதான் என்னைக் கூட்டிட்டுப் போனீங்களா? என்னை எதிர்ல உக்கார வெச்சா அவங்களால திங்க முடியாதுன்னு?"

"எனக்குப் பசி, உனக்கும் பசி" என்றார் மாமி. "அதற்கு மேல் நான் எதுவும் யோசிப்பதில்லை." குடைக்குள் உதட்டைச் சுழித்துக்கொண்டு நடந்தார். இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

கிடங்கில் கிராணி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கணக்கு ஒத்துவராமல் வீட்டுக்காரரிடமே வந்து நின்றார். ஞாயிறுதோறும் எங்கள் முன் மேசை நிரம்பியது. பெண் பிறந்தாள், அவளையும் தூக்கிக்கொண்டு போனோம். மாமியின் கடைசி மருமகள் ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்தாள். செமாபோக்கிலிருந்து கோயிலுக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். திரை மட்டும் அங்கேயே அழுக்கேறித் தொங்கியது, முதலாளி அதைக் கழற்றவில்லை. மெர்டேக்கா அன்று கடையெங்கும் கொடித் தாள் ஒட்டியிருந்தது. மாமி அதைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நான் போன வருஷமே இங்கே உட்கார்ந்துவிட்டேன்" என்றார்.

பிறகு சில வருஷம் கழித்து மாமி படுத்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். சோறு இறங்கவில்லை. பெரிய மகன் அம்மாவுக்குப் பிடிக்குமே என்று கடையில் தோசை கட்டி வாங்கி வந்து படுக்கைக்குப் பக்கத்தில் பிரித்தான். மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவன் என்னென்னவோ கெஞ்சிப் பார்த்தான், திரும்பவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் என் கையைப் பிடித்து, "ஞாயிற்றுக்கிழமை லஞ்சா வண்டி ஒன்று வரச் சொல்லு. நடக்க முடியாது. உட்கார முடியும்" என்றார்.

சைக்கிள் ரிக்ஷா வண்டிக்காரனிடம் சொல்லி வைத்தேன். சனிக்கிழமை விடிகாலையில் மாமி போய்விட்டார். ஞாயிறு காலையில், சொன்னபடியே வண்டிக்காரன் வந்து வாசலில் மணி அடித்தான். எனக்கு வந்த அழுகையில் அவனைத்தான் திட்டினேன், பாவம்.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் வைத்துக் கும்பிடுவது. எனக்கும் அழைப்பு. போய்ப் பார்த்தால் இலையில் மீன் பொரியல், சம்பல், பலகாரம் எல்லாம் முறையாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு பேப்பர்ப் பொட்டலம். மகன் கயிற்றை அவிழ்த்து அதிலிருந்து தோசையை எடுத்து வைத்தான். வியர்த்து, மடங்கி, ஓரம் கிழிந்து கிடந்தது. அன்போடுதான் வாங்கி வந்திருக்கிறான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. உயிர் போகிற நேரத்தில்கூட எதைத் தொடவில்லையோ, அதையா இப்போது வைப்பது?

பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு, கொல்லையிலிருந்து இரண்டு நுனி இலை அறுத்துக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனேன். முன் மேசையில் எனக்கு ஓர் இலை, எதிரே ஓர் இலை. இரண்டிலும் தண்ணீர் தெளித்தேன்.

"யாருக்கும்மா இன்னொண்ணு?" என்றார் முதலாளி.

"மாமிக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா நீங்க, போனவங்களுக்குக் கடையில இலை போடறதா? வியாபாரம் பண்ற இடம். நாலு பேர் வர வேணாமா?" என்று குரலைத் தாழ்த்தினார். பிறகு என்னமோ பெரிய மனது பண்ணுகிற மாதிரி சொன்னார், "வேணும்னா திரைக்கு அந்தப் பக்கம் போட்டுக்குங்க."

எனக்குக் காலிலிருந்து தலைவரைக்கும் பற்றிக்கொண்டது.

"உசிரோட இருந்தப்பவே அந்தப் பக்கம் போகாதவங்கய்யா! செத்த பிறகு போவாங்களா? ரெண்டு முறுகல் கொண்டாங்க. மாவு தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் காது நல்லாக் கேக்குது!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் அவர்களைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் கிராணி, தலை நரைத்துப் போயிருந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர்மேல் வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார், வரட்டும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் தன் முன்னால் இருந்த குவளைத் தண்ணீரை எடுத்து, எழுந்து வந்து, எதிர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தோசை வந்தது. இரண்டு இலையிலும் ஆவி பறந்தது. கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டேன். எனக்கு வைத்ததை மாமியைப் போலவே அவசரமில்லாமல் தின்றேன், சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். முடித்து நிமிர்ந்தபோது பரிமாறுகிற பையன் எதிர் இலைக்கு முன்னால் நின்றான். புதிய ஆள், ஒன்றும் தெரியாதவன். இலையின் ஓரத்தை மடிக்கப் போனான்.

"இதைக் கட்டித் தரட்டுமா அக்கா?"

"கைய எடு" என்றேன். "மாக்கான் சினி."

படையல் சோறு வீட்டு ஆட்கள் தின்ன வேண்டியது. நான் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்து, மாமியின் இலையைக் கிட்ட இழுத்து, அந்தத் தோசையையும் தின்றேன். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.